கைப்பேசியும் காரும் கைகோக்க மறுத்தால்

பெங்களூரு சிவாஜிநகரில் மாலை ஐந்து மணிக்கு மேல் காரை நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ஒருபுறம் நகரப் பேருந்து நிலையம். சற்றுத் தள்ளி, 1933ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பெற்ற ரசல் மார்க்கெட். அதற்கு அண்மையில், செப்டம்பர் 8ஆம் நாள் தேர்த் திருவிழாவுக்குத் தமிழர் திரளும் புனித மரியன்னை பேராலயம். இப்பகுதியின் சந்துகளில் பழைய வாகனங்களின் உதிரிப் பாகங்களை விற்கும் கடைகள் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. இவ்வூரார் இக்கடைகளைக் ‘குஜ்ரி’ என்பர். சென்னையில் நாம் காயலான் கடை என்கிறோமே, அதைப் போன்றவை. கழற்றப்பட்ட கதவுகள், விளக்குகள், இருக்கைகள் ஆகியவற்றுக்கு நடுவே கார் ஸ்டீரியோக்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

எங்கள் இதழ்க் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அண்மையில் பழைய கார் ஒன்றை வாங்கினார். ஓட்டத்தில் குறையில்லை. ஆனால் கைப்பேசியை அதனுடன் புளூடூத் வழியாக இணைப்பது மட்டும் நாள்தோறும் ஒரு போராட்டமாக இருந்தது. ஒரு நாள் பாட்டு கேட்கும், அழைப்பு வராது. மறுநாள் அழைப்பு வரும், பெயர்கள் தெரியா. மூன்றாம் நாள் இரண்டுமே இரா. கைப்பேசிதான் பழுது என்று கருதிப் புதியது வாங்கவும் அவர் முனைந்துவிட்டார். அதற்கு முன்னர் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று, கார் ஸ்டீரியோ பொருத்தித் தரும் சிவாஜிநகர்க் கடை ஒன்றுக்கு அவருடன் நாங்களும் சென்றோம்.

கடைக்காரர் வயதில் மூத்தவர். வருவோர் அனைவரும் அவரைப் ‘பாய்’ என்றே அழைத்தனர். அவர் எக்கருவியையும் கையில் எடுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து திரையை இருமுறை தொட்டார். இணைந்த கைப்பேசிகளின் பட்டியல் விரிந்தது. அதில் ஏழு பெயர்கள் இருந்தன. ஒன்று மட்டுமே எங்கள் நண்பருடையது. எஞ்சிய ஆறும் காரை விற்றவரின் வீட்டாருடையவை என்பது பெயர்களிலிருந்தே விளங்கியது. அடுத்த பக்கத்தில் முன்னைய உரிமையாளரின் தொலைபேசிப் புத்தகம் அப்படியே சேமிக்கப்பட்டுக் கிடந்தது. அம்மா, டாக்டர், பள்ளி வேன், பேங்க் மேனேஜர்... அவற்றின் இடையே ‘ஏடிஎம்’ என்றொரு பெயரும், அதற்கெதிரே நான்கே இலக்கங்களும் இருந்தன.

பாய் திரையை உடனே மூடினார். “இதெல்லாம் நாம பாக்கக் கூடாது சார். மொதல்ல இத அழிச்சிடறேன். அப்புறம் உங்க போன்லயும் இந்தக் காரோட பேரை அழிங்க. ரெண்டு பக்கமும் அழிச்சாத்தான் புதுசா சேரும்” என்றார்.

பத்து நிமிடங்களில் இணைப்பு சீரானது. வேலைக்கு நூறு ரூபாய் பெற்றுக்கொண்டார். ‘இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும்’ என்று அவர் சொன்னது பழுது நீக்கும் வழி மட்டுமன்று. வங்கி வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கருத வேண்டிய பாதுகாப்பு முறையுமாகும். அது ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

புளூடூத் எவ்வாறு இணைக்கிறது?

புளூடூத் என்பது குறுகிய தொலைவுக்குள் இயங்கும் ஒரு வானொலித் தொடர்பு. ஸ்வீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனம் 1994ஆம் ஆண்டு லுண்ட் நகரில் இதற்கான ஆய்வைத் தொடங்கியது. 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒன்றுகூடி இதற்கெனப் பொது அமைப்பு ஒன்றை நிறுவின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசரின் ‘நீலப்பல்’ என்ற பட்டப்பெயரே இத்தொழில்நுட்பத்தின் பெயராயிற்று. பிரிந்து கிடந்த மக்களை ஒன்றிணைத்தவர் என்பது அவருக்குரிய புகழ். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றிணைப்பது இதன் பணி.

இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்துவது இதே அலைவரிசையைத்தான். இந்நெரிசலில் இடறாதிருக்க, கார்களில் ஒலிக்குப் பயன்படும் புளூடூத் அலைவரிசையை 79 தடங்களாகப் பகுத்துக்கொண்டு, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கும். கைப்பேசியும் காரும் ஒரே நேரத்தில் ஒரே தடத்துக்குத் தாவுவதால்தான் பேச்சு அறுபடாமல் கேட்கிறது.

முதன்முறை இரண்டையும் இணை சேர்க்கும்போது, அவை தமக்குள் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. அதன் படி ஒன்று கைப்பேசியிலும் மற்றொன்று காரிலும் சேமிக்கப்படும. மறுநாள் நாம் காரில் ஏறியதும் இரு படிகளும் ஒப்பிடப்படுகின்றன. பொருந்தினால் இணைப்பு தானாகவே நிகழ்கிறது. வங்கிப் பெட்டகத்தை வாடிக்கையாளரின் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தே திறப்பதைப் போன்றது இது.

கைப்பேசியை மாற்றினாலோ, அதன் மென்பொருள் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டாலோ, காரின் மின்கலம் கழற்றப்பட்டாலோ ஒருபுறத்துப் படி அழியவோ பழுதுபடவோ கூடும். மறுபுறமோ பழைய திறவுகோலையே நீட்டிக்கொண்டிருக்கும். ‘இணைக்கிறது’ என்று திரை காட்டும், இணைப்பு நிகழாது. ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது இங்கே முற்றிலும் பொருந்தும்.

ஓர் இணைப்புக்குள் பல பணிகள்

பாட்டு கேட்கிறது, அழைப்பு மட்டும் வரவில்லை என்றால் பலரும் குழம்புவர். காரணம் எளியது. வெளியில் ஒரே இணைப்பாகத் தோன்றினாலும் உள்ளே ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி வழி உண்டு. அழைப்பில் பேச ஒன்று. இசையைக் கேட்க ஒன்று. அடுத்த பாட்டுக்குச் செல்லவும் நிறுத்தவும் ஒன்று. தொலைபேசிப் புத்தகத்தைக் காருக்கு அனுப்ப ஒன்று. குறுஞ்செய்திகளைத் திரையில் காட்டவும் படித்துக் காட்டவும் மற்றொன்று. இவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு நாம் அனுமதி தராதிருந்தால் அது மட்டும் இயங்காது, மற்றவை இயங்கும்.

ஆகவே, கோளாறு எதில் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ‘புளூடூத் வேலை செய்யவில்லை’ என்பதைவிட, ‘இசை வருகிறது, பெயர்கள் வரவில்லை’ என்று கூறத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படிப்படியாகச் சரிபார்க்கும் முறை

காரை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இட்ட பின்னரே தொடங்க வேண்டும். கார் ஓடும்போது புதிய கைப்பேசியைச் சேர்க்கப் பல கார்கள் இடந்தருவதில்லை. பாதுகாப்புக்காக அவ்வாறு அமைத்துள்ளனர். அதனைப் பழுதென்று கருத வேண்டாம்.

முதலாவதாக, கைப்பேசியில் புளூடூத்தை அணைத்து, சில நொடிகளுக்குப் பின் மீண்டும் இயக்குங்கள். விமானப் பயன்முறையும் பேட்டரி சேமிப்பு முறையும் அணைந்துள்ளனவா என்று பாருங்கள். பேட்டரி சேமிப்பு முறை சில கைப்பேசிகளில் பின்னணிப் பணிகளைக் கட்டுப்படுத்திவிடும்.

இரண்டாவதாக, கைப்பேசி வேறெங்கேனும் இணைந்துள்ளதா என்று பாருங்கள். காதில் அணியும் கருவி பையிலேயே இருந்தாலும் அதன் பெட்டி சற்றுத் திறந்திருந்தால், அழைப்பின் ஒலி அதற்குப் போய்விடக்கூடும். அதுபோலவே, கணவரும் மனைவியும் ஒரே காரில் ஏறும்போது, காரானது முதலில் கண்ட கைப்பேசியையோ கடைசியாக இணைந்த கைப்பேசியையோ பற்றிக்கொள்ளும். எதற்கு முதலிடம் என்பதைப் பெரும்பாலான கார்களில் நாமே அமைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, இரண்டையும் ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள். கைப்பேசியை மறுதொடக்கம் செய்வது எளிது. காரின் திரை அப்படியன்று. சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும் சில கார்களில் அது உள்ளூர இயங்கிக்கொண்டே இருக்கும். இறங்கி, கதவைப் பூட்டி, சில நிமிடங்கள் கழித்துத் திறந்தால் அது முழுமையாக அணைந்து மீண்டும் எழும்.

நான்காவதாக, இவற்றால் பயனில்லையெனில் இரு பக்கமும் அழியுங்கள். கைப்பேசியின் புளூடூத் அமைப்புகளில் காரின் பெயரைத் தேர்ந்து, ‘அன்பேர்’ அல்லது ‘ஃபர்கெட்’ என்னும் கட்டளையை அழுத்துங்கள். பின்னர்க் காரின் திரையில் உங்கள் கைப்பேசியின் பெயரைத் தேர்ந்து நீக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் முயல்வதே பெரும்பாலோர் செய்யும் தவறு. காரின் பட்டியலில் இத்தனை கைப்பேசிகளுக்குத்தான் இடம் என்ற வரம்பும் உண்டு; அது மாடலுக்கு மாடல் வேறுபடும். பயன்படாத பழைய பெயர்களை நீக்கினால் இடம் கிடைக்கும்.

ஐந்தாவதாக, புதிதாக இணை சேருங்கள். இக்காலத்துக் கார்களில் இரு திரைகளிலும் ஓர் ஆறிலக்க எண் தோன்றும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள். அருகில் நிற்கும் வேறொருவர் கருவியுடன் தவறிச் சேர்ந்துவிடாதிருக்கவே இந்த ஒப்பீடு. பழைய ஸ்டீரியோக்களில் 0000 அல்லது 1234 என்னும் எண் கேட்கப்படலாம்.

ஆறாவதாக, அனுமதிகளைப் பாருங்கள். கைப்பேசியில் காரின் பெயருக்கு அருகே உள்ள சிறு குறியைத் தொட்டால், அழைப்புகள், ஊடக ஒலி, தொடர்புகள் முதலியவற்றுக்குத் தனித்தனி விசைகள் தென்படும். பெயர்கள் வரவில்லையெனில் தொடர்புகளுக்கான விசை அணைந்திருக்கும். இசை வரவில்லையெனில் ஊடக ஒலி அணைந்திருக்கும்.

ஏழாவதாக, கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். காரின் திரைக்கும் மென்பொருள் உண்டு. அதனைச் சேவை மையத்தில் வாகனத்தை விடும்போது புதுப்பித்துத் தருமாறு கேட்கலாம். இதற்குப் பின்னும் தீராவிடில், காரின் திரையைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதே இறுதி வழி. கைப்பேசியில் பிணைய அமைப்புகளை மீட்டமைக்கும் வழியும் உண்டு. அதைச் செய்தால் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களும் அழிந்துபோகும் என்பதால், அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

சில தனிக் கோளாறுகள்

இசை விட்டுவிட்டுக் கேட்பது: கைப்பேசி பின்சட்டைப் பையிலோ உலோகப் பெட்டியிலோ இருக்கலாம். நம் உடலில் உள்ள நீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை ஈர்த்துக்கொள்ளும்; உலோகம் அவற்றைத் தடுத்துவிடும். கைப்பேசியை வெளியில் எடுத்து முன்பகுதியில் வைத்தாலே பல வேளைகளில் சரியாகும். அதே கைப்பேசியில் வைஃபை ஹாட்ஸ்பாட் இயங்கினால் அதனையும் அணைத்துப் பாருங்கள்.

ஒலி மிகக் குறைவாக இருப்பது: ஒலியளவு இரண்டு இடங்களில் உள்ளது. கைப்பேசியில் குறைவாகவும் காரில் மிகுதியாகவும் வைத்தால் இரைச்சல் மிகும். கைப்பேசியில் பெரும்பாலும் உயர்த்தி வைத்து, காரில் தேவைக்கேற்பக் குறைப்பதே முறை. அழைப்பின் ஒலியளவு இசையின் ஒலியளவிலிருந்து தனியானது; அழைப்பு நடைபெறும்போதுதான் அதனை மாற்ற இயலும்.

மறுமுனையில் இருப்பவருக்கு எதிரொலி கேட்பது: காரின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் மீண்டும் மைக்கில் புகுவதே காரணம். ஒலியைச் சற்றுக் குறைத்து, கண்ணாடிகளை ஏற்றி, குளிர்சாதனக் காற்று மைக்கை நோக்கி வீசாதவாறு திருப்பினால் போதும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே ஆகியவை கம்பியின்றி இயங்காதிருப்பது: இவை புளூடூத்தில் கைகுலுக்கித் தொடங்கிப் பின்னர் வைஃபைக்கு மாறிவிடுபவை. எனவே புளூடூத் இணைந்திருந்தும் திரை வரவில்லையெனில் கைப்பேசியின் வைஃபை அணைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கம்பி வழியாக இணைப்பவர்கள் முதலில் கம்பியை மாற்றிப் பார்க்கலாம். மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும் கம்பிகளில் தரவு செல்லாது.

புளூடூத் இல்லாத பழைய கார்: சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கினால், கைப்பேசியின் ஒலியைக் காரின் வானொலியில் கேட்கலாம். பெங்களூரு போன்ற நகரில் பண்பலை நிலையங்கள் பல இருப்பதால், எந்நிலையமும் இல்லாத அலைவரிசையைத் தேர்ந்து இரண்டிலும் ஒரே எண்ணை வைக்க வேண்டும். பழைய ஸ்டீரியோ வாங்கிப் பொருத்துவோர், அதற்குப் பாதுகாப்புக் குறியீட்டெண் உண்டா என்று விற்பவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது. மின்னிணைப்பைத் துண்டித்ததும் அந்த எண்ணைக் கேட்டு நின்றுவிடும் ஸ்டீரியோக்கள் உண்டு.

கார் நினைவில் வைத்திருப்பவை

பழுது நீங்கியது. ஆயினும் சிவாஜிநகரில் நாங்கள் கண்ட அந்நான்கு இலக்கங்கள் எங்கள் மனத்தை விட்டு நீங்கவில்லை. முன்பின் அறியாத ஒருவரின் ஏடிஎம் இரகசிய எண், அவர் விற்றுவிட்ட காரில், அவருக்கே தெரியாமல் பயணம் செய்துகொண்டிருந்தது.

இணைப்பின்போது கேட்கப்படும் ஓர் அனுமதிக்கு நாம் ‘சரி’ என்று சொன்னதும், தொலைபேசிப் புத்தகமும் அழைப்பு வரலாறும் காருக்குச் செல்கின்றன. சில கார்கள் கைப்பேசி இணைந்திருக்கும்போது மட்டுமே அவற்றைக் காட்டும். சிலவற்றில் அவை சேமிக்கப்பட்டே இருக்கும். குறுஞ்செய்திக்கும் அனுமதி தந்திருந்தால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் திரையில் தோன்றலாம். சில அமைப்புகளில் அதனைக் கார் உரக்கப் படித்துக் காட்டவும் கூடும். உடன் வருபவர், வாடகைக் காரின் ஓட்டுநர், வாகனத்தைக் கழுவ வந்தவர் ஆகிய அனைவர் செவியிலும் அது விழும்.

ஆகவே, வாடிக்கையாளர்கள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

இரகசிய எண்ணைத் தொலைபேசிப் புத்தகத்தில் எப்பெயரிலும் எழுதி வைக்காதீர்கள். கைப்பேசிக்குப் பூட்டு உள்ளது என்ற துணிவில் பலர் அவ்வாறு செய்கின்றனர். பூட்டு கைப்பேசிக்குத்தான், அந்தப் புத்தகத்தின் படி சென்றடைந்த காருக்கு அன்று.

குறுஞ்செய்திக்கான அனுமதியைத் தேவையின்றி வழங்காதீர்கள். அழைப்புக்கும் இசைக்கும் அது வேண்டியதில்லை. ஏற்கெனவே வழங்கியிருந்தால், முன்னர்க் கூறிய விசைகளில் அதனை மட்டும் அணைத்துவிடலாம்.

வாடகைக் காரிலும் பிறர் காரிலும் தொடர்புகளைப் பகிர மறுத்துவிடுங்கள். இசை மட்டும் கேட்க அது போதும். இறங்குமுன் இரு பக்கமும் அழித்துவிட்டு இறங்குங்கள்.

கைப்பேசியின் புளூடூத் பெயரில் உங்கள் முழுப் பெயரோ எண்ணோ இருந்தால் மாற்றுங்கள். நீங்கள் கோராத நேரத்தில் இணைப்பு வேண்டுகோள் வந்தால் மறுத்துவிடுங்கள்.

காரில் ஒலிபெருக்கி வழியாக வங்கி விவரங்களைப் பேசாதீர்கள். வங்கி ஊழியர் எவரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ இரகசிய எண்ணையோ ஒருபோதும் கேட்பதில்லை. எவரேனும் கேட்டு, பணமும் பறிபோயிருந்தால், தாமதமின்றி 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். விரைந்து தெரிவிப்பதைப் பொறுத்தே பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அமையும்.

காரை விற்கும் நாளில்

காரை விற்கும்போது படிவங்கள் 29, 30 ஆகியவற்றில் கையொப்பமிட நாம் மறப்பதில்லை. கடன் தீர்ந்த காருக்கு வங்கியின் தடையின்மைச் சான்றும், அடமானக் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் பெறுகிறோம். அதே கோப்பில் ஒரு சிறு தாளையும் சேர்த்து வைக்கலாம். அதில் எழுத வேண்டியவை இவை: காரின் பட்டியலிலுள்ள அனைத்துக் கைப்பேசிகளையும் நீக்குதல், தொடர்புகளையும் அழைப்பு வரலாற்றையும் அழித்தல், வழிகாட்டி வரைபடத்தில் சேமித்த வீட்டு முகவரி, அலுவலக முகவரி ஆகியவற்றை நீக்குதல், திரையில் உள்நுழைந்த கணக்குகளிலிருந்து வெளியேறுதல், இறுதியாகத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல். பின்னர்த் தம் கைப்பேசியிலிருந்தும் காரின் பெயரை நீக்குதல்.

கார் நிறுவனத்தின் கைப்பேசிச் செயலி வழியாகக் கதவைத் திறக்கவும் கார் நிற்கும் இடத்தை அறியவும் வசதியிருந்தால், அக்கணக்கிலிருந்து வாகனத்தை விடுவிப்பதும் இன்றியமையாதது. ஃபாஸ்டேகையும் மறக்கலாகாது. அது உங்கள் கணக்குடன் பிணைந்தது. வழங்கிய வங்கியிடம் தெரிவித்து மூடாவிடில், புதியவர் கடக்கும் சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் பணத்திலிருந்தே கழியும்.

பழைய காரை வாங்குவோருக்கும் இது பொருந்தும். சாவியைப் பெற்ற அன்றே திரையை மீட்டமைத்துவிடுங்கள். முன்னைய உரிமையாளரின் செயலி இன்னும் காருடன் பிணைந்திருந்தால், உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பதை அவர் அறியக்கூடும். அவ்விணைப்பு நீக்கப்பட்டதை அவரிடமோ விற்பனையாளரிடமோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாலையில் ஒரு சொல்

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, வாகனம் ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துவதையும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வழிகாட்டி வரைபடம் பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில், 2020இல் வெளியான விதித்திருத்தம் இடமளிக்கிறது. புளூடூத் நம் கைகளை விடுவிக்கிறது, கவனத்தை விடுவிப்பதில்லை. ஓடும் காரில் அறுந்த இணைப்பைச் சரிசெய்ய விரல் திரைக்குச் செல்லுமுன், காரை ஓரங்கட்டுவதே அறிவுடைமை.

சிவாஜிநகரிலிருந்து திரும்பும் வழியில் இணைப்பு ஒருமுறையும் அறுபடவில்லை. ஆயினும் நண்பர் பாட்டு எதையும் ஒலிக்கவிடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்த் தாம் விற்ற பழைய காரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து எதையும் அழித்ததாக அவருக்கு நினைவில்லை. அவருடைய தொலைபேசிப் புத்தகத்திலும் ஏடிஎம் என்றொரு பெயர் இருந்தது. அந்தக் கார் இன்று யாரிடம் உள்ளது என்பதை அவர் அறியார். அதனை அழிக்க இனி அவருக்கு வழியுமில்லை. ஆனால் எண்ணை மாற்ற வழி உண்டு. வழியில் கண்ட முதல் ஏடிஎம் மையத்தின் அருகே காரை நிறுத்தினார். உள்ளே சென்று இரகசிய எண்ணை மாற்றிவிட்டு வந்தார். பின்னர்க் கைப்பேசியிலிருந்த அந்தப் பெயரையும் அழித்தார்.